கூஸ்பெரின்னா நெல்லிக்காய் இல்ல

சாவிஞான் பிளாங்க் என்ற ஒயிட் ஒயினைப் பற்றி எங்கே படித்தாலும் 'கூஸ்பெரி வாசனை' என்று போட்டிருக்கும். இங்கிலீஷ் மீடியம் நமக்கு கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய். உடனே மோந்து பார்த்துட்டு, "ஆமா மச்சி, நெல்லிக்காய் தெரியுது"ன்னு தலையாட்டுவோம். அது ஐரோப்பாவில் முள்செடியில் காய்க்கிற வேற பழம். நம்ம நெல்லிக்கும் அதுக்கும் சொந்தமே கிடையாது. அந்த ஒயினில் நிஜமா வர்றது கொய்யா வாசனை. அதுக்குக் காரணமான கந்தகச் சேர்மம் கொய்யாவிலும் இருக்கு. ஆவடி மார்க்கெட் பக்கம் போன எல்லாருக்கும் தெரிஞ்ச வாசனை. ஆனா கொய்யான்னு சொல்ல நமக்குக் கூச்சம்.

(தமிழ்நாட்டில் குடிக்க சட்டப்படி 21 வயசு ஆகணும். ஜூனியர்ஸ் இதை மொழிப் பாடமா மட்டும் படிங்க.)

'ட்ரை' என்ற வார்த்தையை எடுத்துக்கோங்க. ஒயின்காரங்க பேச்சில் ட்ரை என்றால் இனிப்பு இல்லை, அவ்வளவுதான். நம்ம பசங்க ரெட் ஒயின் குடிச்சதும் நாக்கை இழுத்துப் பிடிக்குதே, அதை 'ட்ரை' என்கிறார்கள். அது டானின் வேலை. ரெட் ஒயினில் திராட்சையைத் தோல், விதையோடு நொதிக்க வைப்பதால் டானின் இறங்குகிறது. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. ஒயிட்டுக்குச் சாறை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவார்கள். அதனால் அதில் புளிப்புதான் முன்னால் நிற்கும். இவ்வளவு விளக்கமும் தேவையே இல்லை, தமிழில் ஒரே வார்த்தை போதும்: துவர்ப்பு. வாழைப்பூ ஆய்கிற எந்த ஆயாவைக் கேட்டாலும் சொல்வாங்க. 'ஆஸ்ட்ரிஞ்சென்ட்' ஸ்பெல்லிங் தெரிந்த நம்ம செட்டில்தான் பாதிப் பேருக்கு இது தெரியாது.

வார்த்தையில் என்ன இருக்குன்னு கேட்பீங்க. பிரான்ஸின் போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு, ஒயிட் ஒயினில் மணமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. ரெட் ஒயினுக்கு எழுதுகிற வார்த்தைகளையே அவர்கள் எழுதினார்கள். மூக்கு வேலை செய்யவே இல்லை, கண் பார்த்ததைக் கை எழுதியிருக்கு. லேபிளைப் பார்த்து நாம 'பிளாக்கரன்ட்' சொல்றதும் இதே கேஸ்தான். ஐஸ்கிரீம் தவிர வேற எங்கே அதைச் சாப்பிட்டோம்?

கோயம்பேட்டில் இருந்து அம்பத்தூர் தள்ளுவண்டி வரைக்கும் வருகிற கம்பம் பன்னீர் திராட்சையைப் பாருங்க. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வெளியுலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர், ஒயினும் போடுவார்கள். மஸ்கட் வகைகளில் இருக்கும் ஜெரானியால்தான் ரோஜாவிலும் இருக்கு. எந்த லேபும் இல்லாமல் யாரோ மோந்து பார்த்து 'பன்னீர்'னு பேர் வச்சிருக்காங்க. நான் படித்த டேஸ்டிங் நோட்டிலேயே சின்னது, துல்லியமானது இதுதான்.

அடுத்த டிரீட்டில் எவனாவது கிளாஸைச் சுழற்றிக்கிட்டே "லெதர், டொபாக்கோ"ன்னு ஆரம்பிச்சா நிறுத்துங்க. துவர்க்குதா, புளிக்குதான்னு கேளுங்க. பூந்தமல்லி ரோட்டில் சீசனுக்கு விற்கிற நாவல்பழம் மாதிரி இருக்கான்னு கேளுங்க. யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்லுவான்.