பூந்தோட்டமும் மண்வளமும்

பொன்னமராவதிக்கு அண்மையிலுள்ள கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பங்குனியையொட்டி நிகழும் பூச்சொரிதல் விழாவை நம்முட் சிலரேனும் கண்டிருப்பர். சுற்றுப்புறத்து ஊர்களினின்றும் மக்கள் பூத்தட்டு ஏந்தி வருவர். அலங்கரித்த ஊர்திகளிலும் பூ வந்து குவியும். அவ்விழாவைக் காணச் சென்றிருந்த யான், மறுநாட் காலை அவ்வட்டாரத்துப் பூந்தோட்டம் ஒன்றிற்கும் சென்றேன். இரசாயன உரமும் நச்சு மருந்தும் இன்றி முல்லையும் நிலச்சம்பங்கியும் பயிரிடும் பெரியவர் ஒருவர் அங்குள்ளார் என்று நண்பர் ஒருவர் கூறியிருந்தார்.

பூவைக் காணச் சென்ற எனக்கு அவர் முதலிற் காட்டியது மண்ணை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, தம் பாத்தியிலிருந்து எடுத்த காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு குவளையிலும், வரப்பிற்கு அப்பாலுள்ள நிலத்தின் கட்டியை மற்றதிலும் இட்டார். அப்பாலை நிலத்துக் கட்டி சிறிது நேரத்திற்குள் பொலபொலவென உதிர்ந்து நீரைச் செங்குழம்பாக்கிற்று. அவர் தோட்டத்துக் கட்டியோ கட்டியாகவே கிடந்தது. நீரும் பெரிதும் கலங்கவில்லை. "மழை பெய்தால் இரண்டு நிலத்திற்கும் நேர்வது இதுதான், தம்பி" என்றார்.

இதிலே மாயம் ஒன்றுமில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் பூசண இழைகளும் சுரக்கும் பசை, மண்புழுவின் கழிவு, மக்கிய தழை ஆகிய இவையே மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பன. பிணைப்புள்ள மண்ணில் துளைகள் உண்டு. நீரும் காற்றும் அவற்றின் வழியே வேர்வரை செல்லும். பிணைப்பற்ற மண் முதல் மழையிற் கரைந்து, காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும்; அடுத்த மழை உட்புகாது மேலாகவே ஓடிப்போம், மேல்மண்ணையும் உடன்கொண்டு. கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமையில் இது சிறு செய்தியன்று. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த டார்வின், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1881இல் மண்புழுக்களைப்பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். அத்துணைப் பெரிய அறிஞர் முதுமையிற் புழுவின்பால் வந்து நின்றதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

பெரியவர் செய்வனவும் எளியனவே. சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகின்றார். கோடையிற் கண்மாய் வண்டல் அடிக்கின்றார். உதிர்ந்த இலையையும் கவாத்துச் செய்த கொம்பையும் எரிப்பதில்லை. சம்பங்கியின் வேரைக் கெடுக்கும் நூற்புழுவை அடக்க, இடையிடையே செண்டுமல்லி நட்டிருக்கின்றார். அச்செடியின் வேரினின்று கசியும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது என்பதை ஆராய்ச்சியாளரும் உறுதிசெய்துள்ளனர். பஞ்சகவ்வியத்தைப்பற்றி அவர் கூறிய புகழுரை முழுவதையும் யான் ஒப்பவில்லை, அதனை அவரிடமே கூறினேன், அவர் சிரித்தார். தொடங்கிய முதலிரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குன்றியதையும், ஒருமுறை மொட்டுப்புழு பாதி மொட்டைத் தின்றதையும் அவர் மறைக்கவில்லை.

இவ்வழி இம்மாவட்டத்திற்குப் புதிதுமன்று. கீரனூர்ப் பக்கத்து ஒடுகம்பட்டியிற் 'குடும்பம்' என்னும் தொண்டு நிறுவனம் நடத்தும் பண்ணைக்கு, வறண்ட நிலத்திலும் வளரும் பசுந்தாட்செடியாகிய கொழுஞ்சியின் பெயரையே இட்டிருக்கின்றனர். இயற்கை வேளாண்மையைத் தமிழகமெங்கும் நடந்து பரப்பிய கோ. நம்மாழ்வாரும் (1938–2013) அப்பண்ணையோடு தொடர்புடையவர். ஆயினும் இம்முயற்சிகளைப் பேசும் நாம் நெல்லையும் காய்கறியையும் பேசுகின்றோம், பூவைப் பேசுவதில்லை. யான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் இதன்பொருட்டே.

"பூவை யார் உண்கின்றார்?" என்பர். உண்ணாமையினாலேயே அதன்மேல் எதைத் தெளித்தாலும் வினவுவார் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் என்னும் நஞ்சைக் காய்கறிகளின்மேல் தெளிக்கலாகாதென்று இந்திய அரசு 2005இல் தடுத்தது. அத்தடையிற் சொல்லப்பட்டது காய்கறியே, பூவன்று. உணவுப் பொருளில் இவ்வளவுக்கு மேல் நஞ்சு எஞ்சியிருத்தல் கூடாதென்று வரம்பு உண்டு. தலையிற் சூடும் சரத்திற்கு அவ்வரம்பு இல்லை. விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்ணின் விரலும், நாள் முழுதும் பூத்தொடுப்பாளின் கையும், நார் கடிக்கும் அவள் பல்லும் உண்பவை அல்லவோ? பெல்ஜியம் நாட்டிற் பூக்கடைகளில் வேலைசெய்வோர்க்குப் பருத்திக் கையுறை அணிவித்து, சில மணி நேரத்தின்பின் அவற்றைச் சோதித்தனர்; பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி முதலிய வகைகளில் 111 நஞ்சுகள் அவற்றில் இருந்தன. நம் ஊரிற் கையுறையும் இல்லை, சோதனையும் இல்லை. வெறுங்கைதான்.

மேலும், மனிதர் உண்ணாவிடினும் மண் உண்கின்றது. மொட்டின்மேல் தெளித்தது மழையோடு இறங்கி, அந்தக் கட்டியைப் பிணைத்து வைத்த உயிர்களையும் சேர்த்துக் கெடுக்கின்றது. நெல் நிலத்திற்கு ஒரு நீதி, பூ நிலத்திற்கு ஒரு நீதி என்று மண் அறியாது.

இதற்காக உழவரைப் பழிப்பது முறையன்று. முகூர்த்த நாளில் ஏறி மறுநாள் சரியும் விலையை நம்பியிருப்பவர், கடனுக்கு மருந்து தரும் கடைக்காரர் சொல்லைக் கேட்டே ஆகவேண்டியவராக இருக்கின்றார். மாறுங்கால நட்டத்தை அவர் ஒருவரே தாங்கவேண்டும் என்பது நீதியன்று. நஞ்சில்லாப் பூவிற்கு முழத்திற்குச் சிறிது மிகுதியாகத் தர நாம் முன்வருவோமாயின், அவர் துணிவார். நம் கல்லூரியில் ஆண்டுவிழாவிற்கும் விருந்தினர் வரவேற்பிற்கும் வாங்கும் மாலைகளைக்கொண்டே இதனைத் தொடங்கலாம். வாடிய மாலைகளைக் குப்பையில் எறியாது எருக்குழியில் இட ஒரு மூலையும் நம்மிடம் உண்டு.

திரும்புகையிற் பொன்னமராவதிக் கடைத்தெருவில் பூ விற்கும் அம்மையார் ஒருவரிடம் இரண்டு முழம் முல்லை வாங்கினேன். இஃது எந்தத் தோட்டத்துப் பூ, மருந்து அடித்ததோ என்று கேட்டேன். நாரைப் பல்லாற் கடித்து அறுத்தவாறே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழம் என்ன விலை என்று கேட்பார்கள், வாடுமா என்று கேட்பார்கள். இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், தம்பி" என்றார்.