சிவப்பா இருந்தா காரமா?

சிவப்புக் குடைமிளகாயைப் பார்த்ததும் "அல்சர் இருக்கு டாக்டர், காரம் ஆகாது"ன்னு தட்டுல ஒதுக்குறவரா நீங்க? காரம் தருவது நிறமல்ல, கேப்சைசின். இதில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இதன் நெருங்கிய சொந்தம்தான் ஹங்கேரியின் பாப்ரிகா. செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட் ஜியோர்ஜி வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். மனைவி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்ததைச் சாப்பிடப் பிடிக்காமல் லேபுக்குக் கொண்டு போனாராம்! 1937-ல் நோபல் பரிசு.

100 கிராம் சிவப்புக் குடைமிளகாயில் சுமார் 130 மி.கி. வைட்டமின் சி. ஆரஞ்சில் 50 சொச்சம்தான். அப்புறம் எதுக்கு மாத்திரை?

ஆனா குழைய வேகவச்சு தண்ணியைக் கொட்டிட்டா போச்சு. அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். நறுக்கித் தயிர்ப்பச்சடியில் அப்படியே போடுங்க. தோல் செரிக்கலைன்னா தீயில் வாட்டி, உரிச்சுட்டுச் சாப்பிடுங்க. கொஞ்சம் சத்து போகும், பரவாயில்லை.