மாத்திரை வந்தது, விளக்கம் வரவில்லை

1929-இல் கத்தியவாரைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் கடிதம் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பிரசவித்து நோயில் கிடந்த அவர் மனைவியைப் பார்க்க வந்த மருத்துவர், சாதியின் பெயரால் அவரைத் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்தார். அந்தப் பெண் இறந்துபோனார். அம்பேத்கர் இதைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் சேர்த்திருக்கிறார்.

என் அம்மாயி தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு தலைசுற்றி விழுந்தார். அவரது மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் கொடுத்த அம்லோடிபின் இருந்தது. தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த இன்னொரு அட்டை. பெயர் வேறு, உள்ளே அதே அம்லோடிபின். இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். சர்க்கரைக்கான கிளிமிபிரைடை விடிந்ததும் விழுங்கிவிட்டு, பதினோரு மணிக்குத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏன் அம்மாயி கேக்கல?"

"கேட்டா வள்ளுனு விழுவாங்க சாமி. குடுக்கறத வாங்கிட்டு வந்தரணும்."

இதைப் படிப்பறிவின்மை என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். எதிர்க்கேள்வி கேட்காதே என்று சாதி ஆயுள் முழுக்கக் கொடுத்த பயிற்சி இது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வரவேற்போம். மாத்திரையோடு விளக்கமும் வர வேண்டும். உறையில் தமிழில் எழுதுங்கள். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரையுங்கள். இது சலுகை அல்ல, உரிமை.

தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மூட்டுவலிக்குத் தொடர்ந்து போடும் டைக்ளோஃபெனாக், முதியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், பையோடு மருத்துவரிடம் போங்கள். எதற்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு என்ற மூன்று கேள்விகளையும் பெரியவர்களே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

போன மாதம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அம்மாயி கேட்டார். உள்ளே இருந்தவர் முறைத்தார். அம்மாயி நகரவில்லை. பதில் வந்தது.