131 செல் செத்தா நோபல் பரிசு!

போன வாரம் பாகூர்ல எங்க மாமா தன் தோட்டத்துக் கத்தரிச் செடி ஒண்ணைப் பிடுங்கிக் காட்டினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தது. "நூற்புழுடா மாப்ள. கண்ணுக்கே தெரியாது. ஆனா தோட்டத்தையே காலி பண்ணிடும்" என்றார்.

"மாமா, இதோட சொந்தக்காரப் புழு ஒண்ணு மூணு பேருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கு" என்றேன்.

"அப்படியா? அதைக் கூட்டியாந்து இதுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லச் சொல்லு."

கதையை ஆரம்பிச்சேன். பாதியிலேயே கரன்ட் வந்துடுச்சு, மாமா மோட்டார் போடப் போயிட்டார். முழுசையும் உங்ககிட்ட சொல்லிடறேன் ஃப்ரெண்ட்ஸ்.

அந்தப் புழுவோட பேர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். பயப்படாதீங்க, இனிமே வெறும் 'எலிகன்ஸ்'தான். இது பயிரைத் தொடாது. மக்கிப்போன இலை, அழுகின பழத்துல இருக்கிற பாக்டீரியாவைத் தின்னுட்டு சிவனேன்னு கிடக்கும். வளர்ந்தா ஒரு மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடக்கிறதை மைக்ராஸ்கோப்பில் லைவ்வாவே பார்க்கலாம்.

1960-களில் கேம்பிரிட்ஜில் இருந்த சிட்னி பிரென்னர்தான் இதைத் தேடிப் பிடிச்சார். அவருக்கு ஒரே கேள்வி. ஒரு கருமுட்டை, ஒரே ஒரு செல்லு, அது எப்படி முழு உயிரா ஆகுது? எந்த செல்லு நரம்பாகணும், எந்த செல்லு குடலாகணும்னு யார் சொல்றாங்க? மனுஷ உடம்பில் இதைப் பார்க்க ஆரம்பிச்சா ஏழு ஜென்மம் போதாது. அதான் புழு.

அவரோட லேபில் இருந்த ஜான் சல்ஸ்டன் செஞ்ச வேலையைக் கேட்டா தலை சுத்தும். முட்டைக்குள்ள ஒவ்வொரு செல்லும் ரெண்டாப் பிரியறதைக் கண்ணாலேயே பார்த்து, கையாலேயே வரைஞ்சார். ஒரு நாளைக்கு ரெண்டு ஷிஃப்ட், ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம். இப்படி ஒன்றரை வருஷம்! நம்ம ஆளுங்க ஒரு மணி நேர லேபிலேயே ரெக்கார்டைப் பக்கத்துல பார்த்து எழுதிட்டு கேன்டீனுக்கு ஓடறோம். (என்னையும் சேர்த்துத்தான்.)

கடைசியில் இந்த செல்லு யாரோட பிள்ளை, யாரோட பேரன்னு ஒரு முழு வம்சாவளியே கிடைச்சது. 1983-ல் அது முழுசா வெளியாச்சு. கணக்கு இதுதான்: புழுவின் உடம்பில் பிறக்கிற செல் 1090. வளர்ந்த புழுவில் இருக்கிறது 959. மீதி 131 எங்கே?

செத்துப் போச்சு. நோய் வந்து சாகலை, வயசாகியும் சாகலை. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்லு, அதே நேரத்தில், டைம்டேபிள் போட்ட மாதிரி செத்துப் போகுது.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. மழைக்காலத்தில் பாகூர் ஏரி நிறைஞ்சு வாய்க்கால்ல தண்ணி வந்தா, சின்னப் பசங்க தலைப்பிரட்டையை ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சு வைப்போமே. கொஞ்ச நாள்ல கால் முளைக்கும், வால் காணாமப் போகும். வால் உடைஞ்சு விழறதில்ல பாஸ். அந்த வாலில் இருக்கிற செல்லுகள் ஒவ்வொண்ணா செத்து, உடம்பே அதை உள்ளே இழுத்துக்கும். உங்க கை விரலைப் பாருங்க. அம்மா வயித்துல இருந்தப்போ அது வாத்துக் கால் மாதிரி சவ்வோடதான் இருந்தது. நடுவுல இருந்த செல்லுங்க செத்ததாலதான் இன்னிக்கு அஞ்சு விரல். இந்தச் சாவுக்கு 1972-லேயே 'அப்பாப்டோசிஸ்'னு பேர் வச்சிட்டாங்க. கிரேக்கத்துல இலை உதிர்றதுன்னு அர்த்தம்.

அந்த டைம்டேபிளை யார் எழுதறான்னு கண்டுபிடிச்சவர் அமெரிக்காவின் ராபர்ட் ஹார்விட்ஸ். காலேஜில் அவர் படிச்சது கணக்கும் பொருளாதாரமும்! பயாலஜி எடுக்காம மெக்கானிக்கல் வந்த எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம். அவர் டீம் 1986-ல் செட்-3, செட்-4 என்ற ரெண்டு ஜீன்களைப் பிடிச்சது. அதில் ஒண்ணு கெட்டுப் போனாலும் அந்த 131 செல்லும் சாகாது. அப்புறம் 1992-ல் செட்-9. செட்-3ஐ கத்தின்னு வச்சுக்கோங்க. செட்-4, அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவற கை. செட்-9, அந்தக் கையைப் பிடிச்சு நிறுத்தற இன்னொரு கை. மூணும் ஒண்ணையொண்ணு எப்படித் தொடுதுன்னு 1997-ல் காட்டின கட்டுரையில் முதல் பேர் அருள் சின்னையன். நம்ம தெருவில் கேட்கிற பேர் மாதிரியே இருக்குல்ல? அப்போ அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்! அப்புறம் 2005-ல், ஆண்களுக்கு வர்ற புராஸ்டேட் புற்றுநோயில் ரெண்டு ஜீன்கள் தப்பா ஒட்டிக்கிறதைக் கண்டுபிடிச்சதும் அவர் டீம்தான். பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூணு பேருக்கும் 2002-ல் நோபல் வந்தது.

சரி, புழு சாகறதுக்கும் கேன்சருக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்கறீங்களா? அங்கேதான் மேட்டர்.

லிம்ஃபோமான்னு ஒரு கேன்சர். நிணநீர்க் கட்டிகளில் வரும். அதில் ஒரு வகையில், 18-வது குரோமோசோமின் ஒரு துண்டு உடைஞ்சு 14-வதில் போய் ஒட்டிக்குது. அந்தத் துண்டில் இருக்கிற ஜீன் பேர் பி.சி.எல்-2. அது போய் உட்கார்ற இடமோ, எப்பவும் சுவிட்ச் ஆன்ல இருக்கிற இடம். அதனால பி.சி.எல்-2 அளவுக்கு மேல உற்பத்தியாகுது. கேன்சர்னா செல்லு தறிகெட்டுப் பிரியறதுதான்னு எல்லாரும் நினைச்சிருந்த காலம். 1988-ல் ஆஸ்திரேலியாவில் பார்த்தா, இந்த ஜீன் செல்லை வேகமாப் பிரிய வைக்கலை. சாக வேண்டிய செல்லைச் சாக விடாம வைக்குது! 1992-ல் இந்த மனுஷ ஜீனை எடுத்து எலிகன்ஸ் புழுவுக்குள்ள வச்சாங்க. அங்கேயும் சாக வேண்டிய செல்லுங்க பிழைச்சிடுச்சு. நம்ம பி.சி.எல்-2வும் புழுவோட செட்-9ம் பங்காளிங்க. அந்த பி.சி.எல்-2 கையைத் தட்டிவிடறதுக்குன்னே செஞ்ச வெனிடோகிளாக்ஸ் மாத்திரை, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிச்சு.

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சது பரீட்சைக்கு இல்லை. எங்க அத்தைக்காக. வில்லியனூர்ல கோயில் பக்கம் இருக்காங்க. கழுத்துல கட்டி வந்து, ஏழெட்டு மாசம் தாயத்து, மந்திரிப்புன்னு போயி, அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. மேல சொன்ன அதே வகை லிம்ஃபோமா. இப்ப ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு.

அன்னிக்கே பாகூர்ல இருந்து கரிக்கலாம்பாக்கம் வழியா பைக்கில் அத்தை வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல அதே கேள்வி. "நான் யாருக்கு என்னடா பாவம் பண்ணேன்?"

"அத்தை, தலைப்பிரட்டைக்கு வால் போகுது பாருங்க..." என்று ஆரம்பிச்சு 14, 18 வரைக்கும் சொன்னேன். அந்தத் துண்டு உடையறது பிறவியில வர்றதில்லை, உடம்பில் எங்கேயோ ஒரே ஒரு செல்லில் நடக்கிற விபத்துன்னேன். பாவக் கணக்கை அந்த செல்லு படிக்கறதில்லைன்னும் சொன்னேன். முடி கொட்டினது கூட நோயால இல்லை, மருந்து வேகமாப் பிரியற செல்லையெல்லாம் அடிக்குது, முடி வேரும் அந்த வகைதான்னேன். அத்தை தலையில் கட்டியிருந்த துணியைச் சரி பண்ணிக்கிட்டாங்க.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, போன மாசம் சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல காபி கொடுத்துட்டு, தனக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்ததைச் சொன்னாங்க. கொடுத்தவங்க சிரிச்ச முகத்தோடதான் கொடுத்தாங்களாம்.

"புழு கதை எல்லாம் இருக்கட்டும். இது ஒட்டுமா, ஒட்டாதா? அதைச் சொல்லு."

"ஒட்டாது அத்தை. ஒரே டம்ளர், ஒரே தட்டு, ஒரே பாய், எதுலயும் ஒட்டாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப இதை உங்க புக்குல எழுது. அந்த வளைகாப்புக்கு வந்தவங்க வீட்ல வாராவாரம் அதைத்தான் வாங்கறாங்க."