முட்டிய மாட்டை மீண்டும் அவிழ்த்துவிடலாமா?



2024 ஜனவரி மாத இறுதியில் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் ஊர் திரும்பிய புளியங்குடி இளைஞர்கள் ஆறு பேர் லாரியில் மோதி இறந்தார்கள். 2025 நவம்பர் 24ஆம் நாள் இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. அதிலும் பலரை இழந்தோம். தென்காசியிலும் செங்கோட்டையிலும் பண்பொழி, வடகரை, மேக்கரைப் பக்கத்திலும் வாழும் நமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. கேரளத்திற்குப் போகும் பார லாரிகளும், சீசன் காலத்து வேன்களும், ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் பேருந்துகளும் ஓடும் அதே சாலையில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள்.

இந்த விபத்துகளில் யார் குற்றவாளி என்று தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல. நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது வேறொன்று. தாறுமாறாக வண்டி ஓட்டியதற்காக முன்பே பிடிபட்ட ஒருவர், மீண்டும் அப்படியே ஓட்டி ஓர் உயிரைப் பறித்துவிட்டால், அவருக்கு என்ன தண்டனை தருவது நியாயம்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது 2 ஆண்டுகளாக இருந்தது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிவிடுபவருக்கு 10 ஆண்டுகள் வரை என்று ஓர் உட்பிரிவும் எழுதப்பட்டது. லாரி ஓட்டுநர்களின் போராட்டத்திற்குப் பிறகு அதை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் அந்த 106ஆம் பிரிவை எத்தனை முறை படித்தாலும் ‘இரண்டாம் முறை’ என்ற சொல்லை அதில் காண முடியாது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மீண்டும் குற்றம் செய்தால் தண்டனையை உயர்த்துகிறது. எந்தக் குற்றங்களுக்குத் தெரியுமா? நாணயம், ரூபாய் நோட்டு, முத்திரைத்தாள் பற்றிய குற்றங்களுக்கும், திருட்டு முதலிய சொத்துக் குற்றங்களுக்கும்தான். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தில் 75ஆம் பிரிவாக இருந்தது, எண் மாறி வந்திருக்கிறது. இரண்டாம் முறை திருடியவனைச் சட்டம் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாம் முறை ஆளை ஏற்றிக் கொன்றவனை முதல் முறை செய்தவனைப் போலவே பார்க்கிறது. நீதிபதி தம் விருப்பப்படி பழைய குற்றத்தைக் கணக்கில் கொள்ளலாம், அவ்வளவுதான். பணத்திற்கு இருக்கும் நினைவாற்றல் உயிருக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அபாயகரமாக ஓட்டியவர் 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். ஆனால் அங்கேயே 10,000 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடவும் வழி இருக்கிறது. இரண்டாம் முறை குடித்துவிட்டு ஓட்டித் தண்டிக்கப்பட்டால் ஓட்டுநர் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்தே ஆகவேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. உயிர்ப்பலி ஏற்படுத்தியவர் விஷயத்திலோ ரத்து ‘செய்யலாம்’ என்று மட்டும் சொல்கிறது.

நீதிமன்றங்கள் பேசாமல் இல்லை. சாலை விபத்து மரண வழக்குகளில் நன்னடத்தைச் சலுகை காட்டி விட்டுவிடக் கூடாது, சிறைக்குப் போகவேண்டியிருக்கும் என்ற அச்சம் ஓட்டுநருக்கு இருக்க வேண்டும் என்று தல்பீர் சிங் வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் தந்தது 6 மாதம். உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கருதி 3 ஆண்டுகளாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம், இதுவும் போதாதுதான், ஆனால் அரசு மேல்முறையீடு செய்யவில்லையே என்று சொல்லி 3 ஆண்டுகளை உறுதி செய்தது. பஞ்சாபில் இருவரைக் கொன்ற ஒருவருக்கு விதித்த ஓராண்டுச் சிறையை, 85,000 ரூபாய் இழப்பீடு கொடுத்துவிட்டார் என்று உயர் நீதிமன்றம் 24 நாட்களாகக் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக்கியதுடன், இந்தப் பிரிவின் தண்டனையைச் சட்டமியற்றுவோர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. இரண்டு உயிர்கள், 24 நாட்கள். ஓர் உயிருக்குப் பன்னிரண்டு நாள்!

வெளிநாடுகளில் எப்படி? பிரிட்டனில் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தால் 2022 ஜூன் முதல் ஆயுள் தண்டனைவரை தரலாம். நம்மவர் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, முதல் முறை 8 ஆண்டுகள் வரை, மீண்டும் செய்தவருக்கு 15 ஆண்டுகள் வரை என்று பிரித்து எழுதினார்கள்.

இந்தப் பிரிவினை புதிதல்ல. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு மாட்டின் வழக்கு வருகிறது. ஒருவருடைய மாடு முதல் முறையாக யாரையாவது முட்டிக் கொன்றால், மாட்டைக் கல்லால் எறிய வேண்டும், உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், உரிமையாளரும் உயிரை இழக்க வேண்டும், அல்லது விதிக்கப்படும் ஈட்டுத்தொகையைத் தர வேண்டும். அந்தக் காலத்துத் தண்டனையை இன்று யாரும் கேட்கவில்லை. ‘தெரிந்திருந்தும்’ என்ற ஒன்று குற்றத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது என்பதைத்தான் கவனிக்கிறோம். (நம் ஊரில் மனுநீதிச் சோழன் கதையைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். அந்த இளவரசன் தேர் ஏற்றியது முதல் முறை. அவனை எச்சரித்தவர் யாரும் இல்லை.)

இன்னொன்றையும் அந்தப் பகுதி காட்டுகிறது. தண்டிக்கப்படுபவர் மாட்டுக்காரர். இரண்டு நிமிடம் தாமதமானாலும் கலெக்‌ஷன் போச்சு என்று ஓட்டுநரை விரட்டும் பேருந்து முதலாளி, முன்பே ஆளை அடித்தவன் என்று தெரிந்தும் சம்பளம் குறைவு என்பதற்காகச் சாவியைக் கொடுக்கும் லாரி முதலாளி, பதினாறு வயது மகனுக்கு பைக் வாங்கித் தரும் தந்தை ஆகியோரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தந்தைக்கு மட்டும் 2019 முதல் 3 ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சட்டத்தில் உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பைக் சாகசம் செய்து விழுந்த, வலையொளியில் பெயர் பெற்ற ஓர் இளைஞரின் உரிமத்தைப் பத்தாண்டுகளுக்குப் பறித்தார்கள். 2024 மே மாதம் மதுரையில் செல்போன் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக அவர் மீண்டும் கைதானார். அவருக்குக் கைதட்டியவர்களில் நம் மறைக்கல்விப் பிள்ளைகளும் உண்டு.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இளைஞர் ஒருவர், வேகமாக வந்து சைக்கிளில் போன பெரியவரை மோதிக் காலை முறித்துவிட்டார். இரு வீட்டாரும் பங்கு இல்லத்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நடுவில் நாம். ஆஸ்பத்திரிச் செலவும் கொஞ்சம் பணமும் கொடுப்பதாகப் பேசி முடித்தோம். வழக்கு வேண்டாம், பையனின் எதிர்காலம் கெடும் என்று நாமே சொன்னோம். நல்ல காரியம் செய்ததாகவே அன்று நினைத்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இளைஞர், அதே வேகம். இம்முறை நடந்து போன ஒரு பெண் இறந்துபோனார். நீதிமன்ற ஏட்டில் அந்த இளைஞர் ‘முதல் குற்றவாளி’. பழைய குற்றம் எங்கும் பதிவாகவில்லையே! அதை அழித்தவர்களில் நாமும் ஒருவர்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில். இவற்றுக்குப் பின்னால் எத்தனை வராந்தாப் பஞ்சாயத்துகள் இருக்குமோ. மரண வழக்கைச் சட்டப்படி சமரசம் செய்ய இயலாது. ஆனால் சாட்சி ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் போதும், சமரசம் தானே நடந்துவிடுகிறது.

குடிபோதையாலும் வேக ஆசையாலும் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவோர் பெரும் குற்றத்திற்கு ஆளாகிறார்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2290) கூறுகிறது. அதே திருச்சபைதான் மன்னிக்கவும் கற்பிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எளிதல்ல. நம் எண்ணத்தில், மீண்டும் மீண்டும் செய்தவருக்குச் சிறை வேண்டும். ஆனால் ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, உரிமத்தைத் திரும்பத் தராமல் இருப்பதுதான் அடுத்த உயிரைக் காக்கும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வயிற்றில் அடிப்பதுதான், மறுக்கவில்லை. பிழைக்க வேறு தொழில் தேடித்தர நாம் கூட நிற்கலாம். இறந்தவருக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது.

அந்த இளைஞரின் தந்தை நன்னடத்தைக் கடிதம் கேட்டு வந்தார். நாம் எழுதித் தரவில்லை. அவர் கோபித்துக்கொண்டு சில மாதங்கள் பூசைக்கும் வரவில்லை. இறந்த பெண்ணின் தாயைப் பார்க்கப் போனோம். தண்டனை எவ்வளவு, பணம் எவ்வளவு என்று அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒன்றைத்தான் கேட்டார்கள்.

“சாமி, அந்தப் பையன் இப்பவும் வண்டி ஓட்டுதானா?”

ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். காலையில்தான் கோவில் வாசல் வழியாகப் போனதைப் பார்த்திருந்தோம்.