‘எல்லாம் செட்டப்பு சார்!’

எங்கள் பள்ளி மைதானத்தின் கிழக்கு மூலையில், வேப்பமரத்தடியில் நீளம் தாண்டும் மணற்குழி இருக்கிறது. போன ஆடியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கிருந்து ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனைத் தலைகீழாகத் தூக்கி இடுப்போடு அணைத்துப் பிடித்திருக்கிறான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். டிவி ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கரின் ‘டூம்ஸ்டோன்’ பிடி. விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் முட்டி போட்டு இறக்கிவிட்டான். கீழே மணல் என்பதால் தப்பித்தது. தொங்கியவன் கழுத்துப் பிடிப்போடு நான்கு நாள் பட்டை கட்டிக்கொண்டு வந்தான். தூக்கியவனை விசாரித்தபோது அவன் அழவில்லை, பயப்படவும் இல்லை. நிஜமாகவே புரியாமல் சொன்னான்: “டிவில வர்றதெல்லாம் செட்டப்பு சார். அடிபடாது சார்.”

இருபது வருடமாக நான் பி.டி. வாத்தியார். அதற்கும் முன்னாலிருந்து ரெஸ்லிங் ரசிகன், இன்றைக்கும்தான். அந்தப் பையன் சொன்ன ‘செட்டப்பு’ என்ற சொல்லோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். பார்க்காதவர்கள் அதைக் கேலியாகச் சொல்வார்கள். பார்க்கிறவர்கள் ரோஷத்தோடு மறுப்பார்கள். இத்தனை வருடம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது: இந்த ஆட்டத்தில் எத்தனையோ பேருடைய கழுத்தும் மூளையும் போனதில் ஏணிக்கும் கூண்டுக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தச் சொல்லுக்கும் உண்டு. பொய், பொய் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை நிஜமாக விழவைத்திருக்கிறோம்.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இது போட்டி விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் ஜெயிப்பதைப் பேசி வைக்கலாம். நூறு கிலோ உடம்பு விழுவதைப் பேசி வைக்க முடியாது. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய நுரை மெத்தை, அதன் மேல் கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, இரண்டு உள்ளங்கைகளாலும் தரையில் அறைந்து விழ வேண்டும். ஜூடோவிலும் இப்படித்தான் விழச் சொல்லித் தருகிறோம். டூம்ஸ்டோனில் தூக்குகிறவரின் முட்டிதான் முதலில் தரையில் படும். தொங்குகிறவரின் தலை அவருடைய தொடைகளுக்கு நடுவே, முட்டிக்கு மேலே ஒளிந்திருக்கும். தலைக்கும் தரைக்கும் நாலு விரற்கடை இடைவெளி. அந்த நாலு விரலைக் காப்பாற்றுவதற்குத்தான் வருடக்கணக்கில் பயிற்சி. என் மாணவனுக்கு அந்த நாலு விரல் இருப்பதே தெரியாது. ‘செட்டப்பு’ என்ற சொல் அதை அவன் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

சின்ன வயதில் எங்களிடம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுகள் இருந்தன. உயரம், எடை, மார்பளவு, புஜம், ஆடிய ஆட்டம், ஜெயித்த ஆட்டம் என்று வரிசையாக எண்கள். எந்த எண் பெரியதோ அவன் கார்டைப் பிடுங்கிக்கொள்வான். எத்தனை எதிராளிகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார் என்ற கட்டம் அதில் இல்லை. இருந்திருந்தால் பிரெட் ஹார்ட்டின் கார்டை யாராலும் பிடுங்கியிருக்க முடியாது. தன் ஆட்டத்தில் எவரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் அவர் தன் பட்டங்களைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

எங்கள் ஊர் மணப்பாறைக்குப் பக்கம். நான் ஆறாவது படித்த வருடம், ஒருவர் வந்து மந்தையில் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றினார். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. பகலில் கூட்டமே இருக்காது. ராத்திரி பாட்டு போட்டு, நெஞ்சில் டியூப்லைட் உடைக்கும்போதுதான் ஊர் திரளும். முதல் நாள் ஒரு லைட்டு. மறுநாள் மூன்று. கடைசி நாள் முதுகிலும் உடைத்தார். உடைக்க உடைக்கத்தான் மைக்கில் அன்பளிப்பு அறிவித்தார்கள். சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் நோட்டை ஊக்கால் குத்தினார்கள். வீட்டுக்கு வந்து நான் அதை அபிநயத்தோடு சொன்னபோது என் அப்பத்தா கேட்டது: “அவன் சைக்கிளு சுத்தறப்பயே காசு குடுத்திருந்தா, கண்ணாடிய எதுக்குடா ஒடைக்கப் போறான்?”

2001இல் கல்லூரி விடுதியில் வாடகை சி.டி.யில் அந்தப் புகழ்பெற்ற கூண்டுச் சண்டையைப் பார்த்தபோது அப்பத்தா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் நகரம். பதினாறு அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலியை, அண்டர்டேக்கர் வர்ணனையாளர் மேசை மேல் தள்ளினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஃபோலி அதிலிருந்து எழுந்து மறுபடி மேலே ஏறினார். இந்த முறை கூரைக் கம்பிவலை பிய்ந்து உள்ளே ரிங்கில் போய் விழுந்தார். அது யாரும் திட்டமிடாத விழுதல். கூடவே ஒரு நாற்காலியும் அவர் முகத்தில் வந்து விழுந்தது. சற்று நேரம் நினைவே இல்லை. பல் உடைந்தது. விடுதியில் நாங்கள் எட்டுப் பேர், ரிமோட்டைப் பிடுங்கிப் பிடுங்கி அந்த இரண்டு விழுதல்களையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். “இது செட்டப்பாடா? இப்பச் சொல்லுங்கடா” என்று பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருடைய உடம்பு எங்கள் வாக்குவாதத்துக்குச் சாட்சியாயிற்று. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கூண்டுச் சண்டை நடந்து ஏழு மாதத்தில், 1999 ஜனவரியில், கையில் விலங்கிட்ட நிலையில் அதே ஃபோலியின் தலையில் ராக் என்ற வீரர் பதினோரு முறை நாற்காலியால் அடித்தார். கையிருந்தால் தலைக்கு முன் மறைத்துக்கொள்ளலாம், கைதான் கட்டியிருக்கிறதே. ரிங்குக்குப் பக்கத்தில் ஃபோலியின் மனைவியும் சிறு குழந்தைகளும் உட்கார்ந்து அழுததை ‘பியாண்ட் தி மேட்’ என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். அப்பா செய்வது நடிப்பு என்று அந்தக் குழந்தைகளுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

ரசிகர்களுக்குள் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. பிடி, மடக்கு, பூட்டு என்று பொறுமையாக நகரும் டெக்னிக்கல் ஆட்டம் ஒரு கட்சி. ஏணி, மேசை, நாற்காலி, கூண்டு மறு கட்சி. இரண்டுக்கும் ஒரே மேடையில் தேர்வு வைத்தது போல ஓர் இரவு அமைந்தது. 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பத்தாவது ரெஸில்மேனியா. முதல் ஆட்டத்தில் பிரெட் ஹார்ட்டும் அவர் தம்பி ஓவன் ஹார்ட்டும். ஆயுதம் ஒன்றும் கிடையாது. அண்ணனின் நிழலில் வளர்ந்த தம்பியின் பொருமல் மட்டும்தான் கதை. இருபது நிமிடம், ஒவ்வொரு பிடியும் அடுத்த பிடிக்குப் பதில் சொல்கிற மாதிரி ஆடி, கடைசியில் தம்பி ஜெயித்தார். அதே இரவில் ஷான் மைக்கேல்ஸும் ரேசர் ராமோனும் ஏணி ஆட்டம் ஆடினார்கள். அதுவும் அருமையான ஆட்டம், மறுக்கமாட்டேன். விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஆனால் அடுத்த தலைமுறை எந்த வழியில் போயிற்று என்று பாருங்கள். ஏணி பெருகியது. கூட மேசை சேர்ந்தது, நாற்காலி சேர்ந்தது, 2000 ஆகஸ்டில் மூன்றும் சேர்ந்த ‘டி.எல்.சி.’ வந்தது. 2001இல் ஹூஸ்டனில், ரிங்குக்கு மேலே கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்து அந்தரத்தில் தொங்கிய ஜெஃப் ஹார்டி மீது எட்ஜ் ஏணி உச்சியிலிருந்து பாய்ந்தார். நாங்கள் கட்டிலைத் தட்டி ஆர்ப்பரித்தோம். பத்து வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில், இதற்கு மேல் ஆடினால் கழுத்து தாங்காது என்று மருத்துவர்கள் சொல்ல, எட்ஜ் கண்ணீரோடு விடைபெற்றார். ஒன்பது வருடம் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

கூண்டு என்றாலே விழுதல்தான் என்று வாதிடுகிறவர்களிடம் நான் 1994 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கூண்டுச் சண்டையை எடுத்து வைப்பேன். மறுபடியும் அதே ஹார்ட் சகோதரர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம். யார் முதலில் கூண்டைத் தாண்டி வெளியேறுவது என்பதுதான் போட்டி. ஒருவர் ஏறுவார், மற்றவர் காலைப் பிடித்து இழுப்பார். பதற்றம் முழுவதும் தப்பிப்பதில் இருந்தது, சாவதில் இல்லை. அதற்கும் அதே மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம்தான் கொடுத்தார். ஆனால் நம் ஊரில் கூண்டுச் சண்டை என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஃபோலி விழுந்ததுதான். அந்த ஞாபகத்துக்குக் காரணம் பார்க்கிற நாம்.

ஜப்பானில் இதே கதை ஆயுதமே இல்லாமல் நடந்தது. 1990களில் அங்கே ‘ராஜபாட்டை’ என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆட்டமுறை செழித்தது. போன முறை எதில் எதிராளி வீழ்ந்தானோ, இந்த முறை அதைத் தாங்கி எழுவான். அதைவிடக் கடுமையான ஒன்று வேண்டும். அப்படியே ஏறி ஏறி, கழுத்தும் பிடரியும் தரையில் மோதும் வீச்சுகளில் வந்து நின்றது. அந்த முறையின் ராஜா மிட்சுஹாரு மிசாவா. உலகம் முழுவதும் ரசிகர்கள் அவர் ஆட்டங்களைத் தேடிப் பார்த்தோம், நானும்தான். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில், அவர் ஆயிரம் முறை வாங்கியிருக்கக்கூடிய ஒரு சாதாரணப் பின்வீச்சில் எழவில்லை. வயது 46. அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

கிறிஸ் பென்வாவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமலும் விட முடியவில்லை. டெக்னிக்கல் கட்சியின் செல்லப்பிள்ளை அவர். கயிற்றுக் கம்பத்தின் உச்சியிலிருந்து தலையால் பாய்வதை வருடக்கணக்கில் செய்தார். 2007 ஜூனில் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் தூக்கிட்டுக்கொண்டார். மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் கடுமையான சிதைவு தெரிந்தது. அந்தக் கொலைகளுக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூளைக்கு அந்தக் கதி வந்ததற்கு நாங்கள் தட்டிய கையும் ஒரு காரணம் என்று மட்டும் சொல்வேன்.

தலையில் நாற்காலியால் அடிப்பதை, முன்பு டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்றிருந்த டபிள்யூ.டபிள்யூ.இ. 2010இல் தடைசெய்தது. அதற்குப் பிறகும் அரங்குகள் நிரம்பத்தான் செய்கின்றன. 2023 செப்டம்பரில் ஐதராபாத் கச்சிபவுலி அரங்குக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஜான் சீனா தன் வழக்கப்படி உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினார். ஒரு கை அசைவு, அவ்வளவுதான். அரங்கம் அதிர்ந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். யாரும் எங்கிருந்தும் விழத் தேவைப்படவில்லை.

வீரர்களை நிறுவனங்கள் ஊழியர்களாக வைத்துக்கொள்ளாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருப்பது இன்னும் மாறவில்லை. வருடம் முழுவதும் ஊர் ஊராக விழுந்து எழுகிற ஒருவர் ஒப்பந்தக்காரர் என்றால் என் புத்திக்கு எட்டவில்லை. அதை மாற்ற வேண்டியது அமெரிக்கச் சட்டம். நம் கையில் இருப்பது கைத்தட்டல். கழுத்தைப் பூட்டிப் பிடித்து இரண்டு நிமிடம் ஆனால் ‘போர்’ என்று கத்துகிறோம். மேசை வேண்டும், மேசை வேண்டும் என்று கோஷம் போடுகிறோம். அப்பத்தா கேட்ட கேள்விதான். சைக்கிள் சுற்றும்போதே நோட்டைக் குத்தலாம்.

மணற்குழி விவகாரத்துக்கு மறுவாரம், அந்த வகுப்புக்கு இரண்டு பீரியட் விழுவதற்கு மட்டும் சொல்லிக் கொடுத்தேன். மெத்தை போட்டு, தாடையை ஒட்டி, உள்ளங்கை அறைந்து. பிறகு ஸ்மார்ட் வகுப்பறையில் ஒரு காட்சி காட்டினேன். 1997 ஆகஸ்ட், ஓவன் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும். ஓவன் அவரைத் தலைகீழாகத் தூக்கி, முட்டி போடாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த நாலு விரல் இல்லை. ஆஸ்டினின் உச்சந்தலை தரையில் மோதியது, கை கால் அசையவில்லை. அந்தக் கழுத்துதான் பின்னால் அவரை 2003இல் ஓய்வுக்கு அனுப்பியது. அதன் பிறகு ஓவன் செய்ததைப் பார்க்கச் சொன்னேன். எதிராளியைத் தொடவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று வம்பிழுத்தார், கத்தினார், நேரத்தைக் கடத்தினார். மக்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஆஸ்டினுக்குக் கொஞ்சம் அசைவு வந்து, ஊர்ந்து வந்து பெயருக்கு ஒரு பிடி போட, ஓவன் தோற்றுக் கொடுத்தார்.

டூம்ஸ்டோன் போட்ட பையன் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான்: “அப்ப அந்த வில்லன் நல்லவரா சார்?”

ஆமாம்டா என்றேன். 1999 மே மாதம் கன்சாஸ் சிட்டியில், பறந்து இறங்குகிற மாதிரி வேடிக்கை காட்டுவதற்காக அவரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கியபோது கொக்கி கழன்று எழுபத்தெட்டு அடி கீழே விழுந்து செத்துப்போனதை, அவரை எடுத்துச் சென்ற பிறகும் மிச்ச ஆட்டங்களை நடத்தி முடித்ததை, அன்றைக்கு அவர்களிடம் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. மெத்தைகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.