சாவி நம் கையில், சம்பளம் யார் கையில்?



1977 கலவரத்தில் மலையகத்தை விட்டுத் திருகோணமலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே துறைமுகத்தை ஒட்டி, சீனக்குடாவில், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 2022இல் அந்தத் தாங்கிகள் இருக்கும் ஊரிலேயே பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். எண்ணெய்க் கணக்கை அன்றுதான் சரியாகப் படித்தேன்.

போன மாதம் தோட்டத்திலிருந்து அக்கா மகன் பேசினான். "மாமா, லீசிங்ல ஒரு கார் எடுக்கப் போறேன். அம்மாவும் அப்பாவும் சரின்னுட்டாங்க. ஹயர் ஓடியே கட்டிருவேன்." மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டேன். அறுபதாயிரம், ஐந்து வருடம்.

கணக்குப் போடுவோம். மாதம் 60,000 என்றால் ஐந்து வருடத்தில் 36 இலட்சம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 25 நாள் பேர் விழுந்தால் 33,750. அம்மா, அப்பா இருவரின் சம்பளத்தையும் கூட்டினால் 67,500. தவணை கட்டிய பிறகு வீட்டுக்கு மிஞ்சுவது 7,500. அதிலும் இன்னும் ஒரு சொட்டுப் பெற்றோல் அடிக்கவில்லை. காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், ரயர், பற்றரி எல்லாம் அதற்கு மேல். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் விலை தேய்ந்துகொண்டே போகும். கடைசித் தவணை கட்டும்வரை அதன் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். சாவி மட்டுமே நம் கையில்.

ஹயர் ஓடிக் கட்டலாம் என்கிறான். பெற்றோல் செலவு போக, ஞாயிறு, தீபாவளி பாராமல் நாளுக்கு 2,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஹயர் கேட்டு வரப்போவது யார்? அதே நாட்சம்பளம் வாங்கும் பக்கத்து லயத்துக்காரர்தானே?

பெற்றோலைப் பார்ப்போம். திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் சுமார் 180 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காரில் போய்வர 30 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்றால் 9,000. அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ ஏழு நாள் கொழுந்து பறித்த கூலி. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த லீற்றர், 2022 ஜூனில் 470 ஆனது. நம் நாட்சம்பளம் அப்போதும் 2021இல் நிர்ணயித்த அதே ஆயிரம் ரூபாய்தான். இதே பயணத்துக்கு அன்று 14,100 ரூபாய். பதினான்கு நாள் கூலி. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். கண்டிக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வீடு வர முடியாது.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. கார் வாங்கினால்தான் முன்னேற்றம் என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளைக்கு வாகனம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறோம். இதில் நம் குற்றமும் இருக்கிறது.

"காரெல்லாம் துரைக்கு மட்டும்தானா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடுராத்திரியில் பிரசவ வலி கண்ட பிள்ளையை லொறியில் ஏற்றி அனுப்பிய தாய்க்கு வாகனத்தின் அருமை தெரியும். மழையில் நனைந்து மைல் கணக்கில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் அதைத் தீர்க்க ஒவ்வொரு லயத்துக் குடும்பமும் தனித்தனியே கடனில் விழ வேண்டுமா? 1958இல் இந்த நாட்டில் பஸ் சேவையை அரசுடைமை ஆக்கினார்கள். இலாபம் கிடைக்காத பாதையிலும் மக்களுக்காகப் பஸ் ஓட வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயம் தோட்டத்துப் பாதைக்கு மட்டும் பொருந்தாதா? பஸ் விடாதவர்களும், பாதை போடாதவர்களும், தோட்டத்துக்கு அம்பியூலன்ஸ் வைக்காதவர்களும் தங்கள் செலவை நம் தலையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். நாமோ அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்து, வட்டியும் கட்டுகிறோம்.

அக்கா மகனிடம் ஒன்றுதான் சொன்னேன்: கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அம்மா அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டு. அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்வது இது. சம்பள உயர்வு கேட்கும் அதே மேசையில் காலையும் மாலையும் தோட்டத்துக்கு ஒரு பஸ், இரவுக்கு ஓர் அம்பியூலன்ஸ், குழி இல்லாத பாதை ஆகிய மூன்றையும் கேளுங்கள். போராடி வாங்கும் சம்பள உயர்வு லீசிங் கம்பனிக்குப் போகக்கூடாது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் விடயமாக இதை எடுங்கள்.